சிட்கப் மருத்துவமனை, 1917: உடைந்த முகங்களை வரைய எதை நம்புவது, பேஸ்டலையா புகைப்படத்தையா?

கரிக்கோல் எழுதியது:

முதல் உலகப்போர் கால இங்கிலாந்தில் நடக்கும் ஒரு படக்கதைக்கு வரைந்துகொண்டிருக்கிறேன். நடுப்பகுதி முழுக்க சிட்கப்பில் இருந்த குவீன்ஸ் மருத்துவமனை. காலம் 1917 கோடை தொடங்கி 1919 வரை. முக்கியப் பாத்திரங்கள் இருவரில் ஒருவனுக்குக் கீழ்த்தாடையின் முன்பக்கம் போய்விட்டது, இன்னொருவனுக்கு மூக்கு. மூன்றாவதாக ஓர் இந்தியச் சிப்பாயும் அதே வார்டில் வருகிறான்.

அங்கே நோயாளிகளை வரைந்த ஹென்றி டாங்க்ஸின் பேஸ்டல் (வண்ணப்பொடிக் குச்சி) முகங்களையும் அதே காலத்து மருத்துவமனைப் புகைப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தலை சுற்றுகிறது. புகைப்படத்தில் காயம் கன்னங்கரேல் என்று குகை மாதிரி தெரிகிறது. பேஸ்டலில் அதே வகைக் காயம் சிவந்து, ஈரமாக, அவ்வளவு ஆழமில்லாமல் இருக்கிறது. எதை வைத்து வரைவது? அடுத்த சிக்கல் தாடை. எப்படி வரைந்தாலும் பேய்ப்பட மேக்கப் சாயல் வந்துவிடுகிறது, அதை எப்படித் தவிர்ப்பது? கதையின் கடைசியில் ஒருவன் உலோக முகமூடி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான். அந்த முகமூடி ஐந்தடி தூரத்தில் எப்படித் தெரிந்திருக்கும்?

காயத்தை எந்த அளவு காட்டலாம் என்று பதிப்பகத்திலும் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

இருட்டறை எழுதியது:

முதலில் அந்தக் கறுப்பைப் பற்றி. அதை ஆழம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது புகைப்படத் தட்டின் வேலை.

அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த கண்ணாடித் தட்டுகளில் பெரும்பாலானவை நீலத்தையும் பச்சையையும்தான் உணரும், சிவப்பு பதியாது. பதியாத இடம் அச்சில் கறுப்பாக வரும். ரத்தம், புதுச்சதை, உதடு, ஆறிக்கொண்டிருக்கும் தழும்பு எல்லாமே சிவப்பு. அதனால் கன்னத்தில் மேலோட்டமாகத் தோல் உரிந்தவனும் எலும்புவரை துளைபட்டவனும் அச்சில் கிட்டத்தட்ட ஒரே கறுப்பாகத் தெரிவார்கள். நீலக் கண்கள் வெளிறிப்போய்ப் பார்வையே இல்லாத மாதிரி இருப்பதற்கும் இதுதான் காரணம்.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால் இப்போதைய ஒரு வண்ணப்படத்தை எடுத்து, படத்திருத்த மென்பொருளின் சேனல் மிக்ஸரில் சிவப்பைப் பூஜ்யமாக்கி, பச்சை 60, நீலம் 40 என்று வைத்துக் கறுப்பு-வெள்ளையாக்குங்கள். லிப்ஸ்டிக் போட்ட முகம் எப்படி ஆகிறது என்று பார்த்தாலே புரியும்.

நிஜக் குழியையும் வெறும் சிவப்பையும் பிரிக்க வழி இருக்கிறது. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூக்கு நிழலை வைத்தோ காலர் நிழலை வைத்தோ கண்டுபிடியுங்கள். குழியாக இருந்தால் வெளிச்சம் வரும் பக்கத்து விளிம்பில் நிழல் கூர்மையாக விழும், எதிர்ப்பக்கச் சுவர் சற்று வெளிச்சமாக இருக்கும். வெறும் சிவப்பாக இருந்தால் இருட்டு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும், விளிம்பு மெதுவாகக் கரையும், நடுவே ஈரத்தின் வெள்ளைப் பொட்டுகள் சிதறியிருக்கும். இதை ஒவ்வொரு படத்துக்கும் செய்துவிட்டு அப்புறம் பென்சிலை எடுங்கள்.

நிறத்துக்கு முதல் போர்ப் படங்கள் உதவாது. இரண்டாம் உலகப்போரில் பெர்சி ஹென்னெல் எடுத்த வண்ணப்படங்களைப் பாருங்கள். ஒரே கிளிக்கில் மூன்று தட்டுகளில் நிறம் பிரித்துப் பதியும் கேமரா அவருடையது. புதுச்சதைக்கும் ஒட்டுத்தோலுக்கும் உள்ள நிற வித்தியாசம் அதில் தெளிவாகத் தெரியும்.

மாடலை உட்கார வைத்து நீங்களே படம் எடுப்பதாக இருந்தால் இன்னும் சில விஷயங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 முதல் 105 மி.மீ. லென்ஸ், ஒன்றரை மீட்டர் தூரம். மொபைலைக் கிட்டே கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்னே போய்விடும். மூக்குக் காயத்துக்கு அதைவிடப் பெரிய பொய் வேறில்லை. காதுத் துளையையும் கண்குழியின் கீழ் விளிம்பையும் இணைக்கும் கோடு தரைக்கு இணையாக இருக்கட்டும். தலை கொஞ்சம் நிமிர்ந்தாலே தாடை நீளமாகிவிடும், முன்-பின் ஒப்பீடு கெட்டுப்போகும். நேர்முகம், இரண்டு பக்கவாட்டு, இரண்டு முக்கால்முகம், மூக்குக்குக் கீழிருந்து ஒன்று. இந்த ஆறும் இருந்தால் வேறு எதுவும் தேவைப்படாது.

வெளிச்சத்தில்தான் ஏமாற்று வேலையே நடக்கும். பக்கவாட்டில் தாழ்வாக ஒரு விளக்கை வைத்தால் சின்னத் தழும்பும் பள்ளத்தாக்கு ஆகும். இருபக்கமும் பரவலாக வைத்தால் பெரிய தழும்பும் காணாமல் போகும். மருத்துவமனைப் பதிவுகளில் ‘முன்’ படத்துக்கு ஒரு வெளிச்சம், ‘பின்’ படத்துக்கு வேறு வெளிச்சம் என்று இருந்தால், அறுவை செய்ததில் பாதி முன்னேற்றம் ஜன்னலால் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

*

எலும்புக்கூடு எழுதியது:

பேய்ப்பட மேக்கப் சாயல் வருவதற்கு ஒரே காரணம்தான்: காயத்தை முகத்தின் மேல் ஒட்டுகிறீர்கள். உள்ளே தாங்கும் எலும்பு போனால் முகம் எப்படி விழுகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். காயம் வரையாமலே, வெறும் உருவக்கோட்டில், ஆளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டும்.

கீழ்த்தாடையின் முன்பகுதிக்கு வருவோம். நாக்கின் முக்கியத் தசைகள் மோவாய் எலும்பின் உட்புறத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்த எலும்பு போனால் நாக்கு தொண்டைக்குள் சரியும். இப்படிப்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் மல்லாக்கப் படுக்க வைத்தபோது மூச்சு முட்டிச் செத்துப்போனார்கள். முன்னால் குனிந்து உட்கார வைத்துக் கொண்டுவந்தால் பிழைத்தார்கள். ஆகவே உங்கள் பாத்திரம் படுக்கையில் நீட்டிப் படுத்திருக்கக் கூடாது. உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, தலையைக் கவிழ்த்திருப்பான். இந்த ஒரு தோரணையே பாதி வேலையைச் செய்துவிடும்.

மீதமிருக்கும் இரண்டு தாடைத் துண்டுகளும் உள்நோக்கி மடங்கும். அதனால் முகத்தின் கீழ்ப்பகுதி குட்டையாவதோடு குறுகவும் செய்யும். பெரும்பாலானோர் நீளத்தை மட்டும் குறைத்துவிட்டு அகலத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் ரப்பர் முகமூடி வாடை அடிக்கிறது. கீழுதட்டுக்குத் தாங்கல் இல்லாததால் எச்சில் நிற்காமல் வழியும். கழுத்துவரை துணியோ பஞ்சோ கட்டியிருப்பார்கள், அது எப்போதும் நனைந்திருக்கும். சாப்பாடு என்றால் பாலும் முட்டையும், மூக்குள்ள கோப்பையில் ரப்பர்க் குழாய் மாட்டி ஊற்றுவது. பேச்சில் ‘ப’, ‘ம’ வராது. வசனக் குமிழி எழுதுபவருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

வரையும் வரிசை: முதலில் காயமில்லாத பாதியை எலும்பு அடையாளங்களோடு முடியுங்கள். கண்குழி விளிம்பு, கன்ன எலும்பு, தாடைக் கோணம், காதின் அடி. அதைக் கண்ணாடிபோல மறுபக்கம் லேசாகப் பிரதியெடுங்கள். இப்போது எலும்பு போன இடத்தை அழித்து, அதைச் சுற்றியுள்ள தோலை அந்த வெற்றிடத்தை நோக்கி இழுங்கள். தழும்பு ஆற ஆறச் சுருங்கும், சுருங்கும்போது பக்கத்தில் தளர்வாக உள்ள எதையும் இழுக்கும். கன்னத்தில் தழும்பு இருந்தால் கீழ் இமை வெளிப்புறமாகப் பிதுங்கி உள்சிவப்பு தெரியும். வாயோரத்தில் இருந்தால் வாய் அந்தப் பக்கம் கோணும். அறுபது நாள் காயமும் ஆறு நாள் காயமும் ஒன்றல்ல, காலத்தைக் குறித்துவைத்து வரையுங்கள்.

காதுக்கு முன்னால் குண்டுத் துண்டு பாய்ந்திருந்தால் முக நரம்பு அறுந்திருக்கும். அந்தப் பக்கத்தில் நெற்றிச் சுருக்கம் இருக்காது, கண் மூடாது, வாயோரம் தொங்கும். ஆள் சிரித்தால் பாதி முகம் மட்டும் சிரிக்கும். கோபப்படுகிற காட்சியில் இருபுருவத்தையும் நெரித்து வரைந்துவிடாதீர்கள்.

இப்போது காலக்கணக்கு. முகச் சீரமைப்பு அறுவை மருத்துவர் ஹரால்டு கில்லிஸ் 1916 தொடக்கத்தில் ஆல்டர்ஷாட் கேம்பிரிட்ஜ் ராணுவ மருத்துவமனையில் வேலையை ஆரம்பித்தார். சிட்கப் திறந்தது 1917 கோடையில்தான். தோலைக் குழாயாகச் சுருட்டித் தைக்கும் முறை 1917 அக்டோபரில் வந்தது. நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குழாய் தொங்கும் காட்சியை அதற்கு முந்தைய அத்தியாயத்தில் வைத்தால் தவறாகிவிடும். அதற்கு முன்னால் மடல் (ஒரு முனை உடம்போடு ஒட்டியிருக்க உரித்தெடுத்த தோல்) தட்டையாகத் திறந்தே கிடக்கும், அடிப்பக்கம் சீழ் பிடிக்கும். விளிம்புகள் தாமாக உள்நோக்கிச் சுருள்வதைக் கண்டு அவற்றைச் சேர்த்துத் தைத்ததுதான் கில்லிஸின் கெட்டிக்காரத்தனம். பச்சைச் சதை உள்ளே மூடிக்கொள்வதால் கிருமி தாக்குவது குறைந்தது, ரத்த ஓட்டமும் கெடாமல் காக்கப்பட்டது.

குழாயை வரையும்போது கயிறுபோல ஒரே தடிமனாக வரையாதீர்கள். இரு முனைகளிலும் அகன்று உடம்போடு கலக்கும், நடுவில் மெலியும், தையல் கோடு ஒரு பக்கமாக ஓடும். எடுத்த இடத்தில் நெஞ்சில் ஒரு நீள்வடு இருக்கும். சுமார் 3 வாரம் பொறுத்துத்தான் ஒரு முனையை வெட்டி நகர்த்துவார்கள். அதுவரை தலையை எந்தப் பக்கம் திருப்ப முடியும் என்பதையும் அந்தக் குழாயே தீர்மானிக்கும்.

மூக்குக்காரனுக்கு: உட்புற ஈரத்தோல், தாங்கும் குருத்தெலும்பு, வெளித்தோல் என்று மூன்றும் வேண்டும். விலாவிலிருந்து எடுத்த குருத்தெலும்பை நெற்றித் தோலுக்கு அடியில் முன்கூட்டியே புதைத்துவைத்து, பிறகு நெற்றியோடு சேர்த்துக் கீழே திருப்புவது கில்லிஸின் முறைகளில் ஒன்று. ஆக, சில வாரங்கள் அவனுக்கு மூக்கு இருக்காது, நெற்றியில் ஒரு புடைப்பு இருக்கும். திருப்பிய புதிதில் மூக்கு வீங்கிப் பூதாகாரமாக இருக்கும், மாதக்கணக்கில் வடிந்து சிறுக்கும். நெற்றித்தோல் கன்னத்தோலைவிட வேறு நிறம், அந்த எல்லைக்கோடு கடைசிவரை மறையாது. தலைத்தோலை எடுத்து உதட்டுக்கு வைத்தால் அதில் முடி வளரும். மீசையாக வைத்துக்கொள்வார்கள், தழும்புக்கும் நல்ல மறைப்பு.

பல் மருத்துவரை மறந்துவிடாதீர்கள். வில்லியம் கெல்சி ஃப்ரை கில்லிஸோடு தோளோடு தோள் நின்றவர். மிச்சமிருக்கும் பற்களின் மேல் வெள்ளி உறை வார்த்து, எலும்புத் துண்டுகளை அசையாமல் கட்டி, இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து இடைவெளியை நிரப்பிய பிறகுதான் தோல் வேலைக்கு அர்த்தம் உண்டு. தாங்கல் இல்லாமல் முதலிலேயே தோலை இழுத்துத் தைத்தால் தையல் பிய்த்துக்கொள்ளும். பிய்க்காவிட்டாலும் முகம் சுருங்கிப்போய் எல்லாவற்றையும் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். கில்லிஸிடம் வந்துசேர்ந்த பலர் வேறு இடத்தில் இப்படி அவசரமாகத் தைக்கப்பட்டவர்கள்.

*

சுண்ணக்கட்டி எழுதியது:

டாங்க்ஸ் பற்றி ஒரு விஷயம் முதலில் தெளிவாக வேண்டும். அவர் அறுவை மருத்துவராகத் தேர்ச்சி பெற்று, ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் உறுப்பினராகி, உடற்கூறு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1892-ல் அதை விட்டுவிட்டு ஸ்லேடு ஓவியப் பள்ளிக்கு வாத்தியாராகப் போனார். அங்கே அவர் வாயைத் திறந்தாலே மாணவர்கள் நடுங்குவார்களாம். கில்லிஸ் அவரை ஆல்டர்ஷாட்டில் பார்த்தபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சுமார் எழுபது பேஸ்டல்கள் இன்று இருக்கின்றன. பெரும்பகுதி அந்த ராயல் காலேஜிடமும், சில லண்டன் யூனிவர்சிட்டி காலேஜிடமும். இவை தவிர மடல் எங்கே வெட்டி எங்கே திருப்பப்பட்டது என்று காட்டும் கோட்டுப் படங்களையும் வரைந்தார். இரண்டு வேலைக்கும் இரண்டு கை. கோட்டுப் படத்தில் முகமே இருக்காது, வெட்டு மட்டும்தான்.

‘மருத்துவப் பதிவு’ என்று சொல்லி அந்தப் பேஸ்டல்களைக் கடந்துபோகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பதிவுக்கு மட்டும் என்றால் காயத்தைத் தெளிவாகப் போட்டுவிட்டுக் கண்ணை விட்டுவிடலாம். டாங்க்ஸ் கண்ணை விடவில்லை. பல படங்களில் ஆள் நேராக உங்களைப் பார்க்கிறான். காயத்துக்குக் கொடுத்த அதே கவனம் இமைக்கும் கலைந்த முடிக்கும் கிடைக்கிறது. உங்கள் படக்கதையில் கண்ணும் காயமும் ஒரே கட்டத்தில் வரும்போதெல்லாம் கண்ணை முதலில் முடியுங்கள். காயத்தை முதலில் முடித்தால் கண் பிறகு பயந்துபோன பொம்மைக் கண்ணாகிவிடும்.

பேஸ்டல் ஏன் என்பதற்கு விடை எளிது. ஈரச் சதையின் நிறத்தை அன்றைய புகைப்படம் தராது (மேலே இருட்டறை சொன்னதுதான்). தண்ணீர் வண்ணம் காயக் காத்திருக்க வேண்டும், எண்ணெய் வண்ணத்துக்கு நாள்கணக்கில் ஆளை உட்கார வைக்க வேண்டும். பேஸ்டலில் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அதே சிட்கப்பில் ஆஸ்திரேலியப் பிரிவுக்காக டேரில் லிண்ட்சே தண்ணீர் வண்ணத்தில் வரைந்தார். அவற்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஊடகம் மாறினால் சதை எப்படி மாறுகிறது என்று தெரியும்.

அட்டைப்படத்துக்கு நீங்கள் பேஸ்டலில் போவதாக இருந்தால்: தாள் வெள்ளையாக வேண்டாம். வெளிறிய பழுப்போ சூடான சாம்பலோ எடுங்கள், தோலின் நடுத்தரத் தொனியைத் தாளே பார்த்துக்கொள்ளும். கெட்டியான பேஸ்டல் குச்சியில் எலும்பு அடையாளங்கள். பிறகு இருட்டு, பிறகு நடுத்தொனி. புதுச்சதைக்கு நேரடியாகச் சிவப்பை எடுக்காதீர்கள். அடியில் பழுப்புச் சிவப்பு, மேலே சாம்பல் ஊதா, அதற்கு மேல் கொஞ்சமாக மேடர் சிவப்பு. சுற்றியுள்ள தோலில் சற்றுப் பச்சை கலந்த சாம்பலைத் தடவினால், சிவப்பை ஏற்றாமலே காயம் சிவக்கும். அழுகல் சவ்வு இருந்தால் மஞ்சள் சாம்பல், அதில் பளபளப்பு இராது. பழைய தழும்பில் துவாரமும் மயிரும் இல்லாததால் தாளின் சொரசொரப்பை அங்கே மட்டும் குச்சியால் அழுத்தி நிரப்புங்கள், மினுங்கும்.

விரலால் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். தேய்த்தால் காயத்தின் விளிம்பு கரைந்து மேக்கப் ஆகிவிடும். உங்கள் ‘பேய்ப்பட’ப் பிரச்சினையில் பாதி இதுவாகவும் இருக்கலாம். ஈரப் பளபளப்பைக் கடைசியில் இரண்டே தொடுகையில் வையுங்கள், அதுவும் தூய வெள்ளையாக இல்லாமல் லேசான நீலம் கலந்து. பொடி உதிராமல் பிடிக்கும் ஃபிக்ஸேட்டிவ் அடித்தால் தொனி இருளும், வெளிச்சங்கள் மங்கும். எனவே 30 செ.மீ. தள்ளி நின்று மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடித்து, காய்ந்த பிறகு அந்த வெளிச்சங்களை வையுங்கள். அதற்கு மேல் அடிக்கக் கூடாது. சட்டம் போடும்போது தாளும் கண்ணாடியும் ஒட்டக் கூடாது, நடுவில் 5 மி.மீ. இடைவெளி. அக்ரிலிக் தகடு போட்டால் நிலைமின்சாரம் பொடியை உரித்து இழுத்துக்கொள்ளும், கண்ணாடியே போடுங்கள்.

*

பழைய_அச்சு எழுதியது:

முகமூடிக்கும் ‘எவ்வளவு காட்டலாம்’ என்பதற்கும் நான் வருகிறேன்.

லண்டனில் வாண்ட்ஸ்வொர்த்தின் மூன்றாம் லண்டன் பொது மருத்துவமனையில் சிற்பி ஃபிரான்சிஸ் டெர்வென்ட் வுட் முகமூடிக் கூடம் நடத்தினார். சிப்பாய்கள் அதைத் ‘தகர மூக்குக் கடை’ என்றார்கள். அதைப் பார்த்துப் பாரிஸில் அமெரிக்கச் சிற்பி அன்னா கோல்மன் லாட் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக இன்னொன்று தொடங்கினார். உங்கள் ஆள் சிட்கப்பிலிருந்து வருகிறான் என்றால் வுட் வழி. பாரிஸ் முகமூடியை இவனுக்கு மாட்டாதீர்கள்.

செய்முறை: அறுவை எல்லாம் முடிந்து, காயம் முழுக்க ஆறிய பிறகே முகமூடி. முகத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அச்செடுப்பார்கள். அதிலிருந்து வார்த்த முகத்தில் கண் மூடியிருக்கும், களிமண் பிரதியில் சிற்பி கண்ணைத் திறப்பார். போருக்கு முந்தைய புகைப்படத்தைப் பார்த்து, இல்லாத பகுதியைச் செதுக்குவார். லாட் கூடத்தில் அதைக் கட்டாபெர்ச்சாவில் (ரப்பர் போன்ற மரப்பால் பொருள்) வார்த்து, செம்பு மின்முலாம் தொட்டியில் தொங்கவிட்டார்கள். கிடைப்பது அங்குலத்தில் 32-ல் ஒரு பங்கு கனமுள்ள தகடு, அதாவது 1 மி.மீ.க்கும் கீழே. எடை 4 முதல் 9 அவுன்ஸ், ஏறக்குறைய 110 முதல் 255 கிராம். பிடிப்புக்கு மூக்குக்கண்ணாடி, கம்பிகள் காதுக்குப் பின்னால். எண்ணெய் வண்ணம் உரிந்துவிடுவதால் எனாமல் பூசினார்கள், அதையும் ஆளின் முகத்தில் மாட்டிவைத்தே. வெயில் நாளில் ஒரு நிறம், மப்பு நாளில் ஒரு நிறம் என்பதால் இரண்டுக்கும் நடுவில் ஒரு தொனி. சவரம் செய்த கன்னத்தின் நீலச்சாயலைக்கூட வைத்தார்கள். புருவம், இமை, மீசைக்கு லாட் நிஜ முடி வைத்தார். வுட் இமைக்கு மெல்லிய உலோகத்தாளைக் கீற்றாக வெட்டிப் பொருத்தினார்.

ஐந்தடி தூரத்தில், அசையாமல் நின்றால், பார்க்கிறவருக்குச் சட்டென்று பிடிபடாது. காட்டிக்கொடுப்பது அசைவு. பேசும்போது மறுபாதி அசையும், இது அசையாது. வெயிலில் எனாமல் ஒரே மாதிரி மின்னும், தோலைப்போல நெற்றியிலும் மூக்கிலும் கூட்டிக்குறைத்து மின்னாது. கம்பியும் விளிம்பும் சேருமிடத்தில் மெல்லிய நிழற்கோடு. சில வருஷத்தில் பூச்சு பொரிந்து செம்பு எட்டிப்பார்க்கும், அதற்குள் முகத்துக்கும் வயதாகியிருக்கும். வெப்பத்தில் உள்ளே வியர்க்கும். படக்கதையில் இதைக் காட்ட, மூன்று கட்டங்களில் அவன் முகபாவம் மாறும்போது முகமூடிப் பாகத்தை மட்டும் ஒரே கோட்டில் அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

இனிக் காட்டுவது. இங்கே சுண்ணக்கட்டியோடு கொஞ்சம் முரண்படுகிறேன். அந்தக் கண்கள் நம்மைப் பார்க்கின்றன என்பது உண்மை, ஆனால் நம்மைப் பார்க்கவென்று அவர்கள் உட்காரவில்லை. அந்தப் படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு உகந்தவையல்ல என்றுதான் டாங்க்ஸே நினைத்தார். போர்க்காலப் பிரிட்டனில் முகக்காயம் பொதுவெளியில் வரவே இல்லை. காலிழந்தவனைப் பத்திரிகையில் போட்டார்கள், முகமிழந்தவனைப் போடவில்லை. ஓய்வூதியப் பட்டியலில் மட்டும் மிகக் கடுமையான முகச்சிதைவு முழுத் தொகைக்கு உரியதாக இருந்தது. சிட்கப் வார்டுகளில் கண்ணாடி கிடையாது. ஊருக்குப் போகும் வழியில் சில பெஞ்சுகளுக்கு நீலம் அடித்து, அதில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து அதிராதீர்கள் என்று ஊராருக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். உங்கள் படக்கதைக்கு அந்த நீலப் பெஞ்சை விடாதீர்கள்.

பிரான்சும் ஜெர்மனியும் வேறு மாதிரி. 1919 ஜூன் 28 அன்று வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானபோது முகம் சிதைந்த ஐந்து பிரெஞ்சுச் சிப்பாய்களைப் பிரெஞ்சுப் பிரதமர் கிளமென்சோ அந்த மண்டபத்துக்கே வரவழைத்தார், அவர்கள் படம் தபாலட்டையாகவும் வந்தது. பிரான்சில் முகம் சிதைந்தவர்கள் 1921-ல் சங்கமே வைத்தார்கள். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஃபிரீட்ரிக் 1924-ல் மருத்துவமனைப் படங்களை நான்கு மொழித் தலைப்புகளோடு புத்தகமாகப் போட்டார், போரின் பெருமை பேசும் வாசகங்களைக் குத்தலாகப் பக்கத்தில் வைத்து. அதே ஆண்டு ஓட்டோ டிக்ஸின் 50 செதுக்கோவியங்கள் வந்தன. அதில் தோல் ஒட்டுப்போட்ட ஒரு முகம் உண்டு. அமிலம் அரித்த கோட்டையே சதையாக்கிவிட்டார் மனிதர். 1920-ல் அவர் வரைந்த சீட்டாட்டக்காரர்களின் உலோகத் தாடை, நையாண்டிக்காக வரைந்தது. அதை மருத்துவ விவரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகப் பதிப்பகத்துக்கு நீங்கள் சொல்ல வேண்டியது அளவைப் பற்றியல்ல, யாருடைய முகம் என்பதைப் பற்றி. சிட்கப் புகைப்படங்களில் இருப்பவர்கள் பெயரும் குடும்பமும் உள்ளவர்கள். 2007-ல் வந்த பயோஷாக் என்ற கணினி விளையாட்டில் அரக்கர்களுக்கு அந்த முகங்களைச் சாயலாக எடுத்தது தெரிந்து கண்டனம் வந்தது. ஒரு நோயாளியின் முகத்தை அப்படியே பிரதியெடுக்காமல், எலும்புக்கூடு சொன்ன வழியில், உங்கள் பாத்திரத்தின் எலும்பிலிருந்து காயத்தைக் கட்டுங்கள். முன்னட்டையில் காயம் வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளே, ஆளை நமக்குப் பழக்கிய பிறகு, அரைப்பக்கத்துக்குக் குறையாமல் காட்டுங்கள். சின்னக் கட்டத்தில் ஒளித்துக் காட்டினால்தான் அது வேடிக்கைப்பொருள் ஆகும்.

*

கரிக்கோல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குழாயை அக்டோபருக்குப் பிறகு தள்ளிவிடுகிறேன், படுக்கைக் காட்சிகளையும் உட்கார்ந்த நிலைக்கு மாற்றுகிறேன். இந்தியச் சிப்பாயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? மாநிறத் தோலில் தழும்பு எப்படி இருக்கும்?

*

பழைய_அச்சு எழுதியது:

அவனை சிட்கப்பில் வைப்பது இடிக்கிறது. இந்தியக் காலாட்படை 1915 இறுதியிலேயே பிரான்சை விட்டு மெசபடோமியாவுக்குப் போய்விட்டது. பிரைட்டன் ராயல் பெவிலியனில் இந்தியர்களுக்கான மருத்துவமனை 1914 டிசம்பர் முதல் 1916 ஜனவரி வரை நடந்தது. அவனை 1915-ல் அங்கே வைத்து ஒரு முன்கதையாக ஆக்கலாம். குதிரைப்படை 1918 தொடக்கம்வரை பிரான்சில் இருந்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு சிட்கப்புக்கு வழி தேடினால் வாசகர் நம்பமாட்டார்.

ஒரு முகக்காயப் படம் நம் பக்கத்திலிருந்தே உண்டு, முன்கதைக்கு உதவும். மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கும் ஒரு கையும் இழந்தார். புனேயில் குயவர் ஒருவர் நெற்றித் தோலை எடுத்து மூக்கு வைத்தார். ஜேம்ஸ் வேல்ஸ் என்ற ஓவியர் கவாஸ்ஜியை வரைந்தார், அந்தப் படம் செய்முறையோடு 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மன்ஸ் மேகசினில் வந்தது. மெழுகில் மூக்கு செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து வரைந்துகொண்டு, கண்களுக்கு நடுவில் ஒரு பட்டையை மட்டும் விட்டு உரித்துத் திருப்பினார்கள். ஒட்டுவதற்குத் தண்ணீரில் குழைத்த காசுக்கட்டி தடவிய துணிக்கீற்றுகள். நான்கு நாள் கழித்து அதை எடுத்துவிட்டு நெய்யில் நனைத்த துணி. பத்தாம் நாளில் துவாரம் அடைபடாமலிருக்க மூக்குக்குள் துணித்திரி. சுமார் 25 நாளில் அந்தப் பட்டையை அறுத்துவிடுவார்கள். மெழுகுத் தகட்டின் வடிவத்தையும் அதே தாளில் தனியாக வரைந்து காட்டியிருக்கிறார்கள். 1814-ல் லண்டனில் ஜோசப் கார்ப்யூ இதைச் செய்துபார்த்தார், கில்லிஸின் நெற்றி மடலும் இந்த வரிசையில் வந்ததுதான்.

*

எலும்புக்கூடு எழுதியது:

மாநிறத்துக்கு: புதுச்சதை எல்லாத் தோலிலும் ஒரே சிவப்புதான், அதில் மாற்றமில்லை. ஆறத் தொடங்கும்போது விளிம்பில் கருமை ஏறும், நடுவில் வெளிறும் அல்லது இளஞ்சிவப்பாக நிற்கும். மாதங்கள் போகப் போக விளிம்பின் கருமை பரவி மங்கும், மேலோட்டமான சிராய்ப்புகூட கறுத்த தடமாக வெகுநாள் நிற்கும். சிலருக்குத் தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும், காதோரத்திலும் தாடையோரத்திலும் அதை அதிகம் பார்க்கலாம். ஒட்டுத்தோல் சுற்றியுள்ள தோலைவிடக் கறுப்பாகவே நிலைத்துவிடும். சுண்ணக்கட்டி சொன்ன பச்சைச் சாம்பல் இங்கே வேலைக்கு ஆகாது, தோலை நோயாளித்தனமாக்கிவிடும். அதற்குப் பதில் நீலம் கலந்த பழுப்பை வைத்துப் பாருங்கள். தாளையும் ஒரு படி இருட்டாக எடுங்கள்.